இரண்டு டிக்கெட்டுக்கான பாயிண்டுகள்

என் மனைவி இறந்த நான்காம் நாள் காலை, அவளுடைய வங்கியின் கதவு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே நான் வாசலில் போய் நின்றேன். கையில் இறப்புச் சான்றிதழ், அவளுடைய கிரெடிட் கார்டு, என் அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். வீட்டில் உறவுக்காரர்கள் இன்னும் கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அவசரப்பட்டது நான்தான்.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இருபத்தாறு வருடமாக ஒரே கம்பெனி. ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று தெரிந்தால், முதலில் ஆபீசுக்குச் சொல்லி, பதிவேட்டில் நேரத்தை எழுதி, வாசலில் பலகை மாட்டிவிட வேண்டும். அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடலாம். சொல்லாமல் தொட்ட ஒருவனுக்குக் கை போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் எது நின்றாலும் முதலில் போய்ச் சொல்லிவிடுவது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். மின்வாரியம், அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை, அடுத்தது வங்கி. பட்டியல் போட்டுக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்தவர் "ரொம்ப வருத்தம் சார்" என்றார். ஒரு படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். பிறகு கார்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார். சாவு வீட்டில் மூன்று நாளும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தவன், அந்தச் சின்னச் சத்தத்துக்கு உடைந்து அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தில் என் மனைவிக்கு "பாயிண்ட் அக்கா" என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடியில் யாராவது ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கைப்பையை மாட்டிக்கொண்டு அவளும் கிளம்பிவிடுவாள். கடையில் தன் கார்டைத் தேய்ப்பாள். அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வாள். மறுநாள் காலையிலேயே அதை வங்கியில் கட்டிவிடுவாள். பொருள் அவர்களுக்கு, பாயிண்ட் இவளுக்கு. ஓட்டலுக்குப் பத்துப் பேர் போனால் பில் வரும்போது பத்துப் பேருக்கும் மேலாக இவள் கை நீளும். ஒரு தடவைகூடத் தவணை தப்பியதில்லை. அந்த வங்கிக்கு அவளால் ஒரு காசு வட்டி கிடைத்திருக்காது.

"என்னைக் கட்டிக்கிட்டதுக்கு எத்தனை பாயிண்ட் வந்துச்சு?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"அது மைனஸ்லதான் ஓடிட்டிருக்கு" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

எதற்கு இந்தப் பாடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். எங்களுக்கு ஒரே பெண். படிக்கப் போன தேசத்திலேயே ஒருவனைப் பிடித்து, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, அதற்கப்புறம் போட்டோ அனுப்பினாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு, "எனக்குப் பொண்ணே இல்ல" என்றேன். சொல்லும்போது அது பெரிய வீரமாகத் தெரிந்தது. மறுநாளே வாபஸ் வாங்கியிருக்கலாம். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. நாள் ஆக ஆக வாயைத் திறப்பது கஷ்டமாகிவிட்டது. அப்படியே நான்கு வருடம் ஓடிவிட்டது.

அந்தப் போட்டோ வந்த அடுத்த வாரம்தான் என் மனைவி அந்தக் கார்டை வாங்கினாள். சேர்கிற பாயிண்டை வைத்து விமான டிக்கெட் எடுக்கலாமாம். "ரெண்டு டிக்கெட்டுக்குச் சேந்ததும் போய்ட்டு வருவோம்" என்றாள்.

"நீ போ. நான் வரல."

"சேரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

சேர்ந்து முடிவதாக இல்லை. பக்கத்தில் வரும்போதெல்லாம் வங்கி டிக்கெட்டுக்கான அளவை ஏற்றிவிடும். அவள் போனில் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அடுத்த நாள் நான்காம் மாடிக்காரருக்கு வாஷிங் மெஷின் பழசாகிவிட்டதே என்று பேச்சுக் கொடுக்க ஆரம்பிப்பாள்.

கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பெண்ணால் வர முடியவில்லை. அங்கே தங்குவதற்கான அவளுடைய விசாத் தாள்கள் பாதியில் நின்றன. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். என் மச்சான், மனைவியின் தம்பி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எல்லாவற்றையும் காட்டினான். திரையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் போனுக்கு முன்னால் போகவில்லை. அந்த நேரத்தில்கூடப் போகவில்லை. இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் அவளிடமிருந்து ஒரு வரி வரும். "சாப்பிட்டீங்களாப்பா." நான் "ம்" என்று பதில் போடுவேன். இரண்டு மாதம் எங்கள் பேச்சுவார்த்தை அந்த ஒரு எழுத்திலேயே நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். பேச்சோடு பேச்சாக, "மாமா, அக்காவோட பாயிண்டெல்லாம் என்ன பண்ணீங்க?" என்றான்.

"கார்டை அன்னிக்கே குடுத்துட்டேனே."

"பாயிண்டை எடுத்துட்டுத்தானே குடுத்தீங்க?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மாமா, அக்கா போன் உங்ககிட்டதான் இருந்துச்சு. பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரியும். ரெண்டு நாள் பொறுத்து, டிக்கெட்டைப் போட்டுட்டு, அப்புறம் போய்ச் சொல்லியிருந்தா யாரு கேக்கப் போறா? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. இப்படி விழுந்தடிச்சு ஓடிப்போய் யாராவது சொல்லுவாங்களா?"

டிக்கெட் வாங்க என்னிடம் வசதி இல்லாமல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இல்லாதது முகம். பெற்ற பெண்ணை இல்லை என்று சொன்னவன், எந்த முகத்தோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டுவது? அவள் அம்மா சேர்த்த டிக்கெட்டில் போனால் மட்டும் அது முடியும் என்று தோன்றியது. "நானா வரல, உங்கம்மாதான் அனுப்பினா" என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடலாம். மச்சான் கேட்ட அந்த நிமிடத்தில் இந்த யோசனை எனக்குள் வந்தது. வந்த அதே நிமிடத்தில், அதற்கு நானே வேட்டு வைத்துவிட்டதும் தெரிந்தது.

மறுநாளிலிருந்து கஸ்டமர் கேருக்குப் போன் போட ஆரம்பித்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, நட்சத்திரத்தை அழுத்து. கார்டு எண்ணைப் போட்டால், அப்படி ஒரு கார்டே இல்லை என்கிறது. இல்லாத கார்டைப் பற்றிப் பேச எந்த எண்ணை அழுத்துவது என்று அது சொல்லவில்லை. தப்பித் தவறி ஒரு மனிதக் குரல் கிடைத்தால், "கார்டுதாரர்கிட்ட குடுங்க சார், அவங்ககிட்டதான் பேச முடியும்" என்கிறார்கள். அவர் இறந்துவிட்டார் என்றால், "அப்படியா சார், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். இருபது நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டபின் லைன் அறுந்துபோகும். பதினோரு தடவை இப்படி நடந்தது.

இதற்கு நடுவில் வங்கியிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இத்தனை வருட நம்பிக்கைக்கு நன்றி தெரிவித்து, இதைவிட உயர்ந்த கார்டுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். செத்தவளைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுகிறவனுக்கு, உயிரோடு இருக்கிறவன் போனை எடுக்க ஆள் இல்லை. அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கே கிளம்பினேன்.

குறை கேட்கும் பிரிவு பதினோராவது மாடியில் இருந்தது. அவர்கள் லிஃப்ட் தளத்துக்குச் சமமாக நிற்கவில்லை, ஒரு விரற்கடை கீழே நின்றது. வேறு நாளாக இருந்தால் இறங்கி யாரிடமாவது சொல்லியிருப்பேன். அன்று, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதிகாரி ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் ஒரு டிபன் பாக்ஸ், பக்கத்தில் பாதி குடித்து ஆறிப்போன டீ. நான் சொன்னதை இடையில் பேசாமல் முழுவதும் கேட்டார். இரண்டு மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்டு முடித்ததும் கணினியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், பாயிண்ட் அந்தக் கணக்கோட சேந்தது. கணக்கை மூடினா அதுவும் போயிரும். இன்னொருத்தர் பேருக்கு மாத்த வழியே இல்ல. கார்டு வாங்கும்போதே விதிமுறைல இருக்கு."

"அதை அன்னிக்குக் கவுண்டர்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்புதான். ஆனா சொல்லியிருந்தாலும், அவங்க தவறிட்டாங்கன்னு நீங்க தெரிவிச்ச பிறகு ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. "நாலு வருஷம் ஒரு மனுஷியை ஏய்ச்சிருக்கீங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எட்டுற நேரத்துல ஏத்தி ஏத்தி விட்டீங்க. அவ கட்டிடத்துல இருக்கறவங்க பில்லையெல்லாம் சுமந்தா. கடைசி வரைக்கும் ஒரு டிக்கெட்டுக்குக்கூட அவளை எட்ட விடல. என் பொண்டாட்டி பெத்த பொண்ணைப் பாக்காமலே போய்ச் சேந்துட்டா. அதுக்கு நீங்கதான் காரணம்."

சொன்னபோது மனதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. இரண்டு மாதமாக அந்தப் பழியைப் போட ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. கணினியில் எதையோ தேடினார். படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். "வேணாம் சார், விட்ருங்க. நான் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பாக்கறேன்" என்றார்.

"என்ன இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்ல சார்."

"நான்தான் குறைன்னு வந்திருக்கேன். ஏய்ச்சோமா இல்லையான்னு பதில் சொல்லுங்க."

 அவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை, வாசித்துக் காட்டினார். "அவங்களுக்கு எட்டுச்சு சார். ஒரு டிக்கெட்டுக்கு எப்பவோ சேந்திருச்சு. ரெண்டு தடவை புக் பண்ணியிருக்காங்க. ஒரே ஒரு ஆளுக்கு. ரெண்டு தடவையும் அவங்களே போன் பண்ணி ரத்து பண்ணியிருக்காங்க."



"ரத்து பண்ணா என்ன காரணம்னு நாங்க கேட்டு எழுதணும்" என்று சொல்லிவிட்டு, முதல் தேதியைப் படித்தார். இரண்டு வருடத்துக்கு முந்திய தேதி. அதற்கு நேரே எழுதியிருந்ததையும் படித்தார். "கணவர் சம்மதிக்கவில்லை."

அந்தத் தேதி எனக்கு ஞாபகம் வந்தது. துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, நான் மட்டும் ஒரு நடை போய்ட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள். நான் பத்திரிகையைக் கீழே வைக்காமல், "போ. போனா அங்கயே இருந்துக்கோ" என்றேன். அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது தேதி சென்ற வருடம். லிஃப்ட் குழியில் கால் தவறி விழுந்து எனக்கு முட்டி உடைந்த வாரம். அவள் ஆறு வாரம் கடைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே இருந்தாள். இவ்வளவு நாள் எப்படி லீவு கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, "நல்லவேளை, லீவுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன்" என்றாள். எதற்காகச் சொல்லி வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. வலிக்கிறது, தலையணையை உயர்த்து என்றேன்.

அதிகாரி அந்த வரியையும் படித்தார். "கணவருக்கு அடிபட்டிருக்கிறது. இருவருக்கும் சேர்ந்த பிறகு ஒன்றாகப் போவதாகச் சொன்னார். பாயிண்டுகள் திரும்ப வரவு வைக்கப்பட்டன."

அறையில் யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "சாரி சார். சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"இல்லம்மா. நான்தான் கேட்டேன்."

கடிதம் எழுதுகிறேன் என்று அவர் மறுபடியும் சொன்னார். வேண்டாம் என்று எழுந்தேன். ஏய்த்தார்கள் என்று கத்தினேனே, அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. அந்த வியாதி எனக்கு இன்றைக்கு நேற்று வந்ததல்ல. பதினோரு மாடியும் படியில் இறங்கினேன்.

கீழே, கட்டிடத்தின் பக்கவாட்டில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஒரு சிமெண்டுத் திண்டு இருந்தது. அதில் உட்கார்ந்து பெண்ணுக்குப் போன் செய்தேன். நான்கு வருடத்தில் நானாகச் செய்த முதல் அழைப்பு. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா, என்னாச்சு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா." அதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பதிவேட்டில் எழுதுகிற மாதிரி நடந்ததை வரிசையாகச் சொன்னேன். வங்கியில் முந்திக்கொண்டு போய்ச் சொன்னது, பாயிண்ட் போனது, இரண்டு டிக்கெட், இரண்டு ரத்து. "உங்கம்மா வராததுக்குக் காரணம் பாயிண்ட் இல்லம்மா. நான்தான்."

 "தெரியும்பா" என்றாள்.

"தெரியுமா?"

"ரெண்டு தடவையும் டிக்கெட் போட்ட உடனே அம்மா என்கிட்டதானே சொன்னாங்க. ரெண்டு தடவையும் நானும் லீவு போட்டேன். ரெண்டாவது தடவை கட்டில்கூட வாங்கிட்டேன், அம்மாவுக்குன்னு." அவள் குரல் இறங்கியது. "நீ மட்டும் வாம்மான்னு எவ்வளவோ கெஞ்சினேன். அப்பா அங்க தனியா என்ன சாப்பிடுவார், நாங்க வந்தா சேந்துதான் வருவோம்னு சொல்லிட்டாங்க. இத்தனை நாள் உங்ககிட்ட இதைச் சொல்லணுமா வேணாமான்னு தெரியாமதான் தினமும் சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்டுட்டிருந்தேன்."

நான் அழுதேன். நடுப்பகலில், வண்டி எடுக்க வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். "தப்பு பண்ணிட்டேம்மா. உன்னை இல்லன்னு சொன்னது தப்பு. அவளைப் போகவிடாதது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன். நான்கு வருடமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது, கேட்க வேண்டியவர்களில் ஒருத்தி போன பிறகு வெளியே வந்தது.

அவளும் அழுதாள். "சரிப்பா. விடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

"நான் வரட்டுமா? டிக்கெட் நானே எடுத்துக்கறேன். அடுத்த வாரமே வரேன்."

 மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்ப வேணாம்ப்பா."

"கோவமாம்மா?"

"கோவம் இல்லப்பா. சத்தியமா இல்ல. நாலு வருஷமா நீங்க ரெண்டு பேரும் ஏர்போர்ட் கதவு வழியா வெளிய வர்ற மாதிரியே நெனச்சுப் பாத்துட்டிருந்தேன். இப்ப நீங்க மட்டும் வருவீங்க. நீங்க வந்து என் முன்னாடி நின்னப்புறமும், பின்னாடி அம்மா வர்றாங்களான்னு நான் அந்தக் கதவையே பாத்துட்டு நிப்பேன். அது உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். கொஞ்ச நாள் போகட்டும்ப்பா."

எவ்வளவு நாள் என்று கேட்க நினைத்தேன். நான்கு வருடம் காக்க வைத்தவன் கேட்கிற கேள்வி அல்ல அது.

"சரிம்மா" என்றேன்.